எண்பத்தி நாலு புள்ளி ரெண்டு

பதினோரு மணிக்குத் திருநெல்வேலில இருக்கணும் தம்பி. இப்ப மணி என்ன? ஒம்பது இருவதா? போயிருவான்ல? போயிருவான், போயிருவான். நேத்தே போயி லாட்ஜுல தங்கிருங்கன்னு வீட்டுக்காரி சொன்னா. நான்தான் கேக்கல. இந்த பஸ்காரன் என்னடான்னா நிக்க எடமெல்லாம் ஆளு ஏத்துதான்.

நீங்க கம்ப்யூட்டர் பை வச்சிருக்கிய. அந்த வேலையா? அப்ப ஒங்களுக்குப் புரியும். ஊருல எவன்கிட்ட சொன்னாலும் "ஆமா அண்ணாச்சி"ங்கான், அந்தப் பக்கம் போயி வேற பேசுதான். வெளங்குதவிய ஒருத்தர்ட்டயாவது முழுசாச் சொல்லணும்.

என் பேரு பால்வண்ணன். கருங்காட்டாறு அணையில லஸ்கர். ஷட்டரத் தொறக்கது, அடைக்கது, தண்ணி எத்தனை அடி நிக்குன்னு பாத்து எழுதுதது, அதான் வேலை. இருவத்திரெண்டு வருசமாச்சி. ஒரு மெமோ வாங்குனது கிடையாது. இன்னிக்கு விசாரணை, என் மேல. வேலை போனாக்கூடப் பரவால்ல. கேசு போட்டு உள்ள வச்சிருவோம்ங்காவ. ஒரு உசுரு போயிருக்குல்லா.

நான் கொல்லல. அத மொதல்லயே சொல்லிருதேன்.

மூணு வருசத்துக்கு முந்தி வரைக்கும் அணைச் சுவத்துல பெயிண்ட்ல அடி எழுதிப் போட்டிருக்குல்லா, அதத்தான் கண்ணால பாத்து எழுதுவோம். அப்புறம் கம்ப்யூட்டர் வந்திச்சி. ஒண்ணு இல்ல, நாலு. அணைக்குள்ள நாலு மிதவை. ஒவ்வொரு மிதவையும் ஒரு கம்ப்யூட்டருக்குத் தண்ணி மட்டத்தச் சொல்லும். நாலும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிடும். மூணு ஒண்ணுபோலச் சொன்னாத்தான் ஷட்டர் அசையும். தொண்ணூறு அடி தாண்டிட்டுன்னு மூணு சொல்லிச்சின்னா தானாக் கொஞ்சங் கொஞ்சமாத் தொறந்து விடும். கீழ ஆத்தங்கரையில இருக்க அத்திமேட்டு ஊருல சைரன் அடிக்கும்.

மாட்டிக் குடுக்க வந்த இன்ஜினியர் பொண்ணு ரெண்டு நாள் பாடம் எடுத்தா. ஒரு மிஷினு கெட்டுப் போவலாம், இல்ல எவனாவது வெளிய இருந்து உள்ள பூந்து அதப் பொய் சொல்ல வைக்கலாம், அப்பவும் மத்த மூணும் சேந்து காப்பாத்தணும்னா. எதுக்கும்மா நாலு, மூணு பத்தாதான்னு நான்தான் கேட்டேன். "கெட்டுப்போன மிஷின் எல்லார்ட்டயும் ஒரே பொய்யச் சொல்லாது சார். ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லும், அவர்ட்ட வேற சொல்லும். மூணே பேருன்னா யாரு பொய்யின்னு கண்டுபிடிக்க முடியாது"ன்னா. எனக்கு ஒடனே புரிஞ்சிட்டு. எங்க தெருவுலயே அப்படி ஒருத்தி உண்டும்.

நாலு மிஷினும் நாலு எடத்துல. ஒண்ணு அணையில எங்கிட்ட. ஒண்ணு ஆத்தோரம் குடிதண்ணி பம்ப் ஹவுஸ்ல, சொரிமுத்து கையில. ஒண்ணு பஞ்சாயத்து ஆபீஸ்ல, கிளார்க் அருள்ராஜ் கையில. நாலாவது அத்திமேட்டுப் பள்ளிக்கூடத்துல, கணக்கு டீச்சர் சபுரா கையில. நாலு பேருக்கும் நாலு பாஸ்வேர்ட். ஒருத்தருது இன்னொருத்தருக்குத் தெரியக் கூடாது. தெனமும் காலைல எட்டு மணிக்கு அவுங்கவுங்க மிஷினத் தொறந்து பாத்து, சரின்னு ஒரு பட்டன அமுக்கணும். ஒண்ணு மாறிச் சொன்னா மணி அடிக்கும், அப்ப ஒரு ஆளு போயி சுவத்து அடியக் கண்ணால பாத்து எழுதணும். அவ்வளவுதான் சட்டம்.

சட்டம் சரிதான். நடமொறைன்னு ஒண்ணு இருக்குல்லா?

எங்க ஊரு அம்மன் கோயில்ல நகைப்பெட்டிக்கு மூணு பூட்டு. மூணு சாவி, மூணு பேரு வச்சிருக்கணும். ஒவ்வொரு கொடைத் திருவிழாவுக்கும் ஒருத்தன் சாவிய மெட்ராஸ்ல மறந்து வச்சிட்டு வந்து நிப்பான், பூசை நிக்கும். கடைசில மூணு பேரும் சாவிய எங்கிட்ட குடுத்துட்டான். எங்க வீட்டு ஆணியிலதான் தொங்குது. பதினாலு வருசத்துல ஒரு குண்டுமணி தங்கம் கொறஞ்சிருக்கா? கேட்டுப் பாருங்க.

அதே கதைதான் இங்கயும். மாசாமாசம் பாஸ்வேர்ட மாத்தச் சொல்லும் அந்த மிஷினு. சொரிமுத்து மறந்திருவான். தப்புத் தப்பாப் போட்டு மிஷினு பூட்டிக்கிடும், மணி அடிக்கும், நான் மழையில கொடையப் பிடிச்சிக்கிட்டுப் போயி சுவத்தப் பாக்கணும். அருள்ராஜ் எட்டு மணிக்கு என்னிக்கு ஆபீஸ் வந்தான்? நான்தான் சொன்னேன். "எலேய், எங்கிட்ட குடுத்துருங்க, நான் பாத்துக்கிடுதேன்." சொரிமுத்து கையெடுத்துக் கும்பிட்டான். நீங்க மகராசனா இருப்பிய அண்ணாச்சின்னான். மூணுக்கும் ஒரே பாஸ்வேர்டா எம் மக பேரப் போட்டேன், பொறந்த வருசத்தோட. காலைல டீக்கடையில ஒக்காந்து போன்லயே மூணு தடவ அமுக்கிருவேன். ரெண்டு வருசம் ஒரு மணி அடிக்கல தம்பி. ரெண்டு வருசம்! மேல இருந்து பாராட்டி ஒரு லெட்டர் வந்திச்சி, நாலு மையமும் சிறப்பா இயங்குதுன்னு.

டீச்சர்? அவ குடுக்கல. கேட்டேன், மரியாதையாத்தான் கேட்டேன். "ஒங்களுக்கு ஸ்கூல் வேலையே தலைக்கு மேல கெடக்கு டீச்சர், இத எதுக்கு இழுத்துப் போட்டுக்கிட்டு?"ன்னு. சிரிச்சிக்கிட்டே சொல்லுதா, "ஒங்க மேல நம்பிக்க இல்லாம இல்ல சார். ஒங்களயே நம்பணும்னா நாலு மிஷின் எதுக்கு, ஒண்ணு போதுமே." பாத்தியளா திமிர? நான் என்ன திருடனா? அன்னையில இருந்து நான் அவகிட்ட தேவைக்கு மேல பேசுதது இல்ல.

தெரியாத்தனமா ஒண்ணு நடந்து போச்சி. ஆடி மாசம்னு வையிங்க. போன்ல ஒரு மெசேஜ். கரண்டு பில்லு கட்டல, இன்னிக்குச் சாய்ங்காலம் பீஸப் புடுங்கிருவோம், இந்த லிங்க அமுக்குங்கன்னு. அமுக்குனேன். ஏதோ ஒண்ண எறக்கிக்கிடச் சொல்லிச்சி, எறக்குனேன். ஒண்ணும் ஆவல. பேங்குல போயிக் கேட்டேன், ஒரு பைசா போவல. மகதான் போன்ல கத்துனா, "அப்பா, ஆபீஸ்ல சொல்லுங்க, போன அழிச்சிட்டுப் புதுசாப் போடுங்க"ன்னு. ஆபீஸ்ல போயி என்னன்னு சொல்ல? லஸ்கர் ஏமாந்துட்டான்னு சிரிப்பானுவ. பைசா போவலங்கும்போது சொல்ல என்ன இருக்கு? அது வழியாத்தான் எவனோ உள்ள பூந்திருக்கான்னு இப்ப போலீஸ் சொல்லுது. எதுக்குப் பூந்தான்னு கேட்டா முழிக்கான். சொல்லத் தெரியலல்லா? அப்ப எம் மேல எப்படி வரும்?

மணி என்ன தம்பி? ஒம்பதே முக்காலா. சரி.

ஐப்பசிக் கடைசி. செவ்வாக்கிழமை. மூணு நாளா விடாத மழை, மேல காட்டுக்குள்ளயும் பேய் மழை. காலைல பத்து மணிக்கு மணி அடிக்கி. ரெண்டு வருசத்துக்கு அப்புறம் மொத மணி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுட்டு. மிஷினப் பாத்தா, என்னுது எண்பத்தி நாலு புள்ளி ரெண்டுங்குது, சொரிமுத்துது எண்பத்தி நாலு புள்ளி ரெண்டு, அருள்ராஜுது எண்பத்தி நாலு புள்ளி ரெண்டு. பள்ளிக்கூடத்து மிஷினு மட்டும் தொண்ணூத்தி ஒண்ணுங்குது. அடுத்தால டீச்சர் போன் வந்துட்டு.

"சார், சுவத்து அடியப் பாத்தியளா?"

"இல்ல டீச்சர். மூணு ஒண்ணுபோலச் சொல்லுது. ஒங்க மிஷினுதான் கோளாறு."

"மூணும் ஒண்ணுபோலச் சொல்லுததுதான் சார் எனக்குப் பயமா இருக்கு. வேற வேற மிதவை, காத்து அடிக்கி, அலை அடிக்கி. புள்ளி கூட மாறாம ஒரு மணி நேரமா அப்படியே நிக்கி. இவ்வளவு மழையில தண்ணி ஒரு விரக்கடை ஏறலயா? தயவு செஞ்சி போயிக் கண்ணால பாருங்க."

வாத்திச்சி எனக்குப் பாடம் எடுக்கா. நான் போனேன் தம்பி. போவாம இல்ல. அந்தச் சுவத்துப் படிக்கட்டு எங்க ஷட்டர் ரூமுல இருந்து அரைக் கிலோமீட்டர். கொடை நிக்கல, காத்து அப்படி. பாசி பிடிச்ச படி. போனேன்னுதான் விசாரணையிலயும் எழுதிக் குடுத்திருக்கேன். போனேன், பாதி வழி வரைக்கும் போனேன். அங்கன இருந்து பாத்தா மழைத்திரையில ஒண்ணும் தெரியல. எண்பத்தி நாலு மாதிரிதான் இருந்திச்சி. ரிஜிஸ்தர்ல எண்பத்தி நாலுன்னே எழுதிட்டேன். இருவத்திரெண்டு வருசம் அந்தத் தண்ணியப் பாத்தவன் நான், எனக்குத் தெரியாதா?

திரும்பி வந்தா மணி நிக்க மாட்டேங்குது. நாய் கொலைக்க மாதிரி அடிச்சிக்கிட்டே கெடக்கு. சட்டத்துல ஒண்ணு இருக்கு தம்பி. ஒரு மிஷினு விடாமப் பொய் சொல்லிச்சின்னா, மத்த மூணு பேரும் சம்மதிச்சா அத வெலக்கி வச்சிரலாம். வெலக்குனா மணி நின்னுரும். அதத்தான் செஞ்சேன். மூணு பேரு சம்மதிச்சித்தான் வெலக்குனோம், ரெக்கார்டுல இருக்கு. பதினொண்ணு பத்துக்கு எங் கை, பதினொண்ணு பத்துக்கு சொரிமுத்து கை, பதினொண்ணு பதினொண்ணுக்கு அருள்ராஜ் கை.

என்ன? யாரு அமுக்குனதா? நான்தான். அவன்வ என்னிக்கு அமுக்கியிருக்கானுவ? ஆனா அவன்வளக் கேட்டிருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பானுவ.

பதினொண்ணரைக்கு சொரிமுத்து கூப்புட்டான். அந்தக் கொரலு இன்னும் காதுல இருக்கு தம்பி. "அண்ணாச்சி, டீச்சர் போன் போட்டாவ. பள்ளிக்கூடத்துப் புள்ளையள எல்லாம் கூட்டிக்கிட்டு மேட்டுல இருக்க அரிசி மில்லுக்குப் போறாவளாம். தெருத்தெருவா ஆளு விட்டு எல்லாத்தையும் வரச் சொல்லுதாவ. என்னயும் பம்ப் ஹவுஸப் பூட்டிட்டு வரச் சொல்லுதாவ. ஆத்துல சத்தம் ஒரு மாதிரியாத்தான் இருக்கு. போவவா?"

நான் என்ன சொன்னேன்? "நான் அணை மேல இங்கன இருக்கம்லா? ஒம் மிஷினப் பாரு. எத்தன?"

"எண்பத்தி நாலு புள்ளி ரெண்டு அண்ணாச்சி."

"பெறவு என்னல? தண்ணிய நிறுத்திட்டுப் போனா ஊரு ஒன்னத்தான் ஏசும். மோட்டாரப் பாத்துக்கிட்டுக் கெட."

"சரி அண்ணாச்சி"ன்னான். சிரிச்சிக்கிட்டே சொன்னான். அவன் எப்பவும் அப்படித்தான், நான் சொன்னா மறுபேச்சு கிடையாது.

ஒண்ணு பத்துக்கு ரூமுக்குள்ள ஒக்காந்திருக்கேன், தரை அதிருது. வெளிய ஓடி வந்தா ஷட்டருக்கு மேலயே தண்ணி வழியுது. தொண்ணூத்தெட்டு அடி தம்பி. மிஷினுல அப்பவும் எண்பத்தி நாலு புள்ளி ரெண்டு. அணை இன்ஜினியர் சார் ஜீப்புல வந்து எறங்கி, எலேய் தொற, தொறன்னு கத்துதாரு. காலைல இருந்து கொஞ்சங் கொஞ்சமா விட்டிருக்க வேண்டிய தண்ணி, எட்டு ஷட்டரையும் கையால சுத்தி ஒரே நேரத்துல தொறந்தோம். தொறக்கலன்னா அணையே போயிரும். நான் சுத்திக்கிட்டே சொரிமுத்துக்குப் போன் போடுதேன். கை நனைஞ்சி நம்பர் விழ மாட்டேங்குது. மூணாவது தடவ மணி போச்சி. எடுக்கல. அப்புறம் மணியும் போவல.

அத்திமேட்டுல நாப்பது வீடு போச்சி. ஆளு ஒருத்தரும் போவல, எல்லாம் மில்லுல நின்னாவ. பம்ப் ஹவுஸ் இருந்த எடத்துல தரைதான் இருந்திச்சி. ரெண்டு நாள் கழிச்சி ஏழு கிலோமீட்டர் தள்ளி ஒரு வாழைத்தோப்புல கெடந்தான். நான்தான் அடையாளம் காட்டுனேன். அழுதேன் தம்பி. எங்க அப்பாவுக்குக்கூட அப்படி அழல.

காடாத்துச் சடங்குக்கு டீச்சரும் வந்தா. ஊரே நிக்கி. நேரா எங்கிட்ட வந்து மெதுவாக் கேக்கா, "அன்னைக்குச் சுவத்து அடிய நெசமாவே பாத்தியளா சார்?" அவ்வளவுதான். வேற ஒரு வார்த்த கிடையாது. பாத்தேன்னேன். என்னைய ஒரு பார்வ பாத்துட்டுப் போயிட்டா. செத்த வீட்டுல வந்து கேக்குத கேள்வியா அது? மனுசத்தன்ம வேண்டாமா?

இப்ப அவதான் எழுதிக் குடுத்திருக்கா. மூணு பாஸ்வேர்டும் பால்வண்ணன் கையில இருந்திச்சி, எங்கிட்டயும் கேட்டாருன்னு. அது மட்டும் நிரூபணமாச்சின்னா எம் பாடு முடிஞ்சிது. மூணு மிஷினும் ஒருத்தன் கையிலன்னா, அது மூணு மிஷினே இல்ல, ஒண்ணுதாங்காவ. அவுங்கவுங்க கையிலதான் இருந்திச்சின்னு வந்தா, எவனோ வெளியாளு மூணையும் தனித்தனியா ஒடச்சிட்டான்னு ஆயிரும். என்னைய ஒண்ணும் செய்ய முடியாது.

அதுக்குத்தான் இந்தக் கவரு. பாருங்க, பாத்தா என்ன? இது என்னோட வாக்குமூலம். இது அருள்ராஜோடது. பாஸ்வேர்ட நானேதான் வச்சிருந்தேன், நானேதான் தெனமும் அமுக்குனேன், அன்னைக்கு வெலக்குததுக்கும் நானேதான் சம்மதிச்சேன்னு எழுதியிருக்கான். எழுதுனது நான், கையெழுத்து அவன். கிளார்க்குல்லா, அவனுக்கும் பயம் இருக்கும்லா. ஆபீஸுக்கே வராம இருந்தவன் வேற என்ன செய்வான்?

மூணாவதுதான் ராத்திரி பகலா என்னை அரிச்சிக்கிட்டு இருந்திச்சி. சொரிமுத்து இல்லையே. அவனுக்காவ யாரு சொல்ல?

முந்தாநேத்து காலைல அவன் வீட்டுக்குப் போனேன். அவன் பொண்டாட்டி பேச்சியம்மா. மழைத்தண்ணி வத்தாத வீடு, செங்கல்ல அடுக்கி அது மேல கட்டிலப் போட்டு ஒக்காந்திருக்கா. "வாங்க அண்ணாச்சி"ன்னு எந்திரிச்சா. கடுங்காப்பி போட்டுத் தந்தா. அவளுக்குப் புருசன் வேலையப் போட்டுக் குடுக்கதாப் பேச்சு இருக்கு. நான் தாள நீட்டுனேன். எம் புருசன் பாஸ்வேர்ட யாருகிட்டயும் குடுக்கல, மிஷின அவருதான் பாத்தாரு, பள்ளிக்கூடத்து மிஷின வெலக்க அவருதான் சம்மதிச்சாரு, அப்படின்னு நாலு வரி. அவன் மேல தப்புன்னு வந்தா அவளுக்கு வேலை கெடைக்குமான்னு அருள்ராஜ் கேட்டான். அத அப்புறம் பாத்துக்கிடலாம்லா. நான் வெளிய இருந்தாத்தான அவளுக்கு நாலு எடத்துல பேச முடியும்? நான் உள்ள போயிட்டா அவளுக்கு யாரு இருக்கா?

என்ன தம்பி ஒரு மாதிரியாப் பாக்கிய? மணி என்ன? பத்தரையா? இன்னும் திருநெல்வேலி ஆத்துப் பாலமே வரலையே.

நான் பயந்துக்கிட்டுதான் போனேன். வாசிச்சுக் காட்டச் சொல்லுவா, அழுவா, எம் புருசன் ஒங்ககிட்டதான குடுத்தாருன்னு கேப்பான்னு. கேட்டா என்ன சொல்லணும்னு வழியெல்லாம் யோசிச்சிக்கிட்டே போனேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியும் தம்பி, எட்டாங்கிளாஸ். தாள வாங்குனா. பேனா கேட்டா. நான் எடுத்துக் குடுத்தேன்.

"எங்க போடணும் அண்ணாச்சி?"

அடியில காட்டுனேன். போட்டா. போட்டுட்டு எங்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டு, "காப்பி ஆறுதுல்லா, குடிங்க"ன்னா.

ஒரு வரி வாசிக்கல. இந்தப் பாருங்க, இதான் அவ கையெழுத்து. பேச்சியம்மான்னு முழுசாப் போட்டிருக்கா. புருசன் செத்து இன்னும் நாப்பது நாள் ஆவல, அப்பவும் என்னைய அவ்வளவு நம்புதா. அந்த டீச்சருக்கு எங் கையில ஒரு பாஸ்வேர்டக் குடுக்க மனசு வரல. இப்ப சொல்லுங்க தம்பி, நீங்க படிச்சவிய. உள்ள போனதும் அவுங்க கேக்கப் போறது இதத்தான. மூணு பேரு ஒண்ணுபோலச் சொல்லுதோம். ஒருத்திதான் மாத்திச் சொல்லுதா. யாரத் தம்பி நம்புவாவ?